கூட்டிட்டுப் போனவங்க

நீங்க எங்க வீட்டு ஆளைத் திருடி வெச்சிருக்கீங்க. முதல் வரியே அப்படித்தான் வரணும் டீச்சர். நலம், நலமறிய ஆவல், அந்த வேலையெல்லாம் வேண்டாம். இங்கிலீஷ்ல திருட்டுக்கு நாலைஞ்சு வார்த்தை இருக்குமாமே, அதுல எது கனமோ அதைப் போடுங்க. தென்னாப்பிரிக்கா டர்பன்ல உட்கார்ந்து படிக்கும்போது அந்தம்மாவுக்குத் தொண்டையில காப்பி இறங்கக் கூடாது.

கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்கிக்கறேன். டைப் இன்ஸ்டிடியூட்டை மாடியில வெச்சிருக்கீங்க, படியை ஏணி மாதிரி கட்டியிருக்கான் பாவி. என்னைத் தெரியுமில்ல? ஒதியந்தாங்கல் சாரங்கன். ஏஜெண்ட் சாரங்கன்னு சொன்னா போளூர்ல நாய்கூட வீட்டைக் காட்டும். ஆறாங்கிளாஸோட நின்னவன். மீதியெல்லாம் மாட்டுச்சந்தையில அடிபட்டுப் படிச்சது. இருபது வயசுல தரகு பேச ஆரம்பிச்சேன். இதோ இந்தப் பச்சைத் துண்டு இருக்கே, இதை விக்கறவன் கை மேலயும் வாங்கறவன் கை மேலயும் போட்டு, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசறது. வாயைத் திறக்கக் கூடாது. எதிராளி முகத்தையே பார்த்துக்கிட்டு விரலை அமுக்கணும். எவன் முதல்ல கண்ணை இறக்கறானோ அவன் தோத்தான். மாட்டுக்கு அப்புறம் நிலம். நிலத்துக்கு அப்புறம் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பறது. துபாய், மஸ்கட், சிங்கப்பூர்னு நாப்பத்தோரு பேரை அனுப்பியிருக்கேன். எங்க ஊர்ல நிக்கற மாடி வீட்டுல பாதி என் பேரைச் சொல்லும். ஒரே ஒரு ஆள் விஷயத்துலதான்... அதுக்கு அப்புறம் வரேன். இதெல்லாம் அடிக்காதீங்க, உங்களுக்குச் சொல்றது.

இருங்க, போன். எடுக்கல. வெளிநாட்டு நம்பர். ரெண்டு வாரமா தெனம் மூணு மணிக்கு வருது. ஒரு தடவை எடுத்தேன். யாரும் பேசல. பின்னால நிறைய பேர் ஒண்ணா டைப் அடிக்கற மாதிரி ஒரு சத்தம். உங்க இன்ஸ்டிடியூட்ல காலையில ஏழு மணிக்குக் கேக்குமே, அந்த மாதிரி. அவ்வளவுதான். வெச்சுட்டேன்.

விஷயத்துக்கு வரேன். அந்தம்மாவுக்கு எழுதறதுன்னா ஆரம்பத்துல இருந்து உங்களுக்குத் தெரியணும், இல்லன்னா வேகம் வராது.

எங்க குலதெய்வம் பச்சையம்மன். ஆடிக் கடைசித் திங்கள்ல படையல். பங்காளிங்க நாப்பது குடும்பமும் வந்துடும். எங்க பெரியப்பா மகன் நடேசனுக்குத்தான் சாமி வரும். பால் சொசைட்டியில கேன் கழுவறவன், வாயில்லாப் பூச்சி, பொண்டாட்டி அதட்டினா ஒண்ணுக்குப் போயிடுவான். சாமி வந்தா அப்படியே மாறிடுவான். என் அப்பன் காலத்துல இருந்து, அவங்கப்பன் காலத்துல இருந்து, ஒரு வருஷம்கூடத் தடங்கல் இல்ல. படையலைப் போட்டா சாமி வரும், ஒரு பிடி எடுத்து வாயில போடும், விபூதி கொடுக்கும், மலையேறிடும். போன வருஷம் ஆடியில வந்துச்சு. இலை முன்னால உட்கார்ந்துச்சு. எடுக்கல. நாங்க எல்லாம் கும்பிட்டுக்கிட்டு நிக்கறோம். அரை மணி நேரம் இலையையே பார்த்துக்கிட்டு இருந்துட்டுச் சொல்லுது, "ஒரு பிள்ளை தண்ணி தாண்டி நிக்குது. சாப்பிடாம நிக்குது. அது சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன்." சொல்லிட்டு என் முகத்தைப் பார்த்துச்சு டீச்சர். நாப்பது குடும்பத்துல என் முகத்தை. ஏன்னா நான்தானே தர்மகர்த்தா, வேற யாரைப் பார்க்கும்?

இந்த வருஷ ஆடியிலயும் அதேதான். ஒரு வார்த்தை மாறல.

தண்ணி தாண்டின பிள்ளை யாருன்னு எனக்கு உடனே விளங்கிடுச்சு. என் கொள்ளுத்தாத்தா நாகப்பன். அவருக்கு ஒரு தம்பி, வரதன்னு பேரு. கல்யாணம் ஆகல. வெள்ளைக்காரன் காலத்துல கப்பலேறிப் போயிட்டார், திரும்பல. எங்க பக்கம் காணாமப் போனவங்களுக்குப் பன்னெண்டு வருஷம் காத்திருப்பாங்க. தகவல் இல்லன்னா வைக்கோல்ல ஒரு ஆளைக் கட்டி, அவர் வேட்டியை அதுக்குக் கட்டி, பாடையில தூக்கிட்டுப் போய் எரிச்சு, காரியம் பண்ணிடுவாங்க. அதோட அவர் போய்ச் சேர்ந்துட்டார்னு அர்த்தம். வரதனுக்கும் அப்படித்தான் பண்ணினதா வீட்டுல பேச்சு. குறி சொல்ற கோடங்கியைக் கேட்டேன். அந்தக் காரியம் அவரைச் சேரல, அவர் கைபட்டது ஏதாவது ஒண்ணைக் கொண்டாந்து படையல்ல வெச்சுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னான்.

என்ன கேட்டீங்க? நூத்தி இருபது வருஷமா சாப்பிட்ட சாமி போன வருஷம் மட்டும் ஏன் நிறுத்துச்சுன்னா? படிச்சவங்க கேள்வி. சாமிகிட்ட போய் தேதி கேக்க முடியுமா? அடிங்க நீங்க.

மஸ்கட்டுக்கு நான் அனுப்பின ஒருத்தன்தான் வழி சொன்னான். கரும்புத் தோட்டக் கூலியாக் கப்பலேறிப் போனவங்க வம்சமெல்லாம் சேர்ந்து வாட்சப்ல ஒரு குரூப் வெச்சிருக்காங்க அண்ணா, டர்பன், மொரீஷியஸ், பிஜின்னு முந்நூறு பேர், கப்பல் லிஸ்டைப் பார்த்துச் சொல்லுவாங்கன்னான். சேர்ந்தேன். தமிழ் தெரிஞ்சவங்க நாலைஞ்சு பேர் இருக்காங்க, மாத்தி மாத்திச் சொல்லுவாங்க. ஒருத்தர் பாட்டன் கல்யாணப் பத்திரத்தைப் போடுவார், ஒருத்தர் கல்லறைக் கல்லைப் போட்டோ எடுத்துப் போடுவார், ஒருத்தர் அதுல இருக்கற ஊர் எந்தத் தாலுகான்னு கண்டுபிடிப்பார். சும்மாவே செய்யறாங்க டீச்சர். எதையும் திருப்பிக் கேக்காம செய்யறவன் மேல எனக்கு நம்பிக்கை வர்றதில்ல. ஆனா செய்யறாங்க.

நாலாம் நாள் அந்தம்மா வந்துச்சு. ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனது. எங்க தாத்தாவோட அப்பா ஒதியந்தாங்கல், போளூர் தாலுகா, ஆனா எங்க குலதெய்வம் பேரு தெரியாது, மூணு கல்லை வெச்சுக் கும்பிடறோம்னு சொல்லுச்சு. எனக்கு ரத்தம் ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. ஆனா முகத்துல காட்டலாமா? அந்தம்மாவுக்கு வேண்டியது சாமி பேரு. எனக்கு வேண்டியது ஆளு. துண்டு போடாமலே விரலைப் பிடிச்சேன். முதல்ல கப்பல் லிஸ்டை அனுப்புங்க, அப்புறம் சாமி பேரைச் சொல்றேன்னேன். அனுப்பிடுச்சு. உடனே. பேரமே பேசல. அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

வரதன். தகப்பன் பேர் கன்னியப்பன். ஊர் ஒதியந்தாங்கல். தாலுகா போளூர். வயசு இருபத்திரெண்டு. உயரம் அஞ்சடி மூணு அங்குலம். அடையாளம், இடது முழங்கையில தீக்காயத் தழும்பு. கப்பலேறினது ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தேழு, ஆகஸ்ட். ஆளே எதிர்ல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. நான் அழற ஆளில்ல. அன்னிக்குக் குளிக்கப் போய்த் தொட்டியாண்ட ரொம்ப நேரம் நின்னேன்.

முறைப்படி பார்த்தா அந்தம்மா எனக்குப் பங்காளி வீட்டு அக்கா. தமிழ் தெரியாது, மீதியெல்லாம் போனே தமிழ்ல மாத்தித் தரும், ஆனா 'தம்பி'ன்னு மட்டும் தானே தமிழ்ல எழுதும். தம்பி, சாப்பிட்டாயா. தம்பி, உன் ஊரில் மழையா. நானும் சாமி போட்டோ அனுப்பினேன், நிலத்து மண்ணை ஒரு கவர்ல போட்டுக் கூரியர்ல அனுப்பினேன். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

நான் பண்ணின ஒரே தப்பு, பெட்டியில இருந்த பழைய கிரயப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினது. அந்தம்மா கேட்டுச்சா, குரூப்புல யாராவது கேட்டாங்களா? ரெண்டும் இல்ல. குரூப்புல எல்லாரும் போடறாங்களே, நம்மகிட்டயும் இருக்குன்னு காட்டணும் இல்ல? நாகப்பன் குண்டுக் கழனியை வித்தப்ப எழுதினது. 'காலஞ்சென்ற என் தம்பி வரதனின் பாகமும் எனக்கே சேர்ந்தபடியால்'னு அதுல தெளிவா இருக்கு. அண்ணன் தம்பிங்கறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? ஹேவிளம்பி வருஷம் மார்கழி மாசம்னு போட்டிருந்துச்சு. அறுபது வருஷத்துக்கு ஒருக்கா சுத்தி வர்ற பேரு. யார் உட்கார்ந்து எண்றது? அந்தம்மா எண்ணிடுச்சு. குரூப்புல யாரோ மொரீஷியஸ்காரர் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கார். டர்பன்ல உட்கார்ந்துக்கிட்டு என் பஞ்சாங்கத்தை எனக்கே விரிச்சுக் காட்டுது. தம்பி, ஹேவிளம்பி மார்கழின்னா கப்பலேறி நாலே மாசம். பன்னெண்டு வருஷம் காத்திருக்கணும்னு சொன்னாயே. நாலு மாசத்தில் அவர் செத்தார் என்று உங்கள் நாகப்பனுக்கு யார் சொன்னது?

நான் என்ன சொல்லட்டும்? அந்தக் காலத்துல யார் நாள் பார்த்தாங்கன்னேன். அண்ணன்காரனுக்கு என்ன கஷ்டமோ, என்ன அவசரமோன்னேன்.

அதுக்கு அப்புறம்தான் அந்தப் பக்கத்தை அனுப்புச்சு. பக்கத்தை இல்ல, அதுல இருக்கறதை மட்டும் தமிழ்ல மாத்தி. அசல் பக்கம் அவங்ககிட்ட. அதுல வரதனோட பெருவிரல் ரேகை இருக்கு. அவர் கைபட்டது உலகத்துல அது ஒண்ணுதான். அதைத்தான் திருட்டுங்கறேன். கப்பல்ல போன மறு வருஷம் தோட்டத்துல இருந்து ஓடி, அதிகாரி ஒருத்தன் முன்னால நின்னு வாக்குமூலம் கொடுத்திருக்கார். போன்ல வெச்சிருக்கேன், படிக்கறேன் கேளுங்க.

"பட்டணத்தில் துறைமுகத்தில் ஆறு மாத வேலை என்று சொல்லி என் அண்ணன் நாகப்பன் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூலி டிப்போ வாசலில் என்னை உட்காரவைத்து, பொரி வாங்கி வருகிறேன் என்று போனார். கப்பல் என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு யாராவது தகவல் சொன்னால் வந்து கூட்டிப்போவார்."

அவ்வளவுதான். கீழ ரேகை.

பார்த்தீங்களா? 'அண்ணனுக்கும் தெரிந்திருக்காது.' பாதிக்கப்பட்டவரே சொல்லிட்டார். இதுக்கு மேல நாகப்பனுக்கு என்ன சாட்சி வேணும்? இதை நல்லா அடிங்க, கோடு போட்டு அடிங்க. ஆனா அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? மறுபடி லிஸ்டுல புகுந்து தேடி, கூட்டிட்டு வந்தவர் ஒதியந்தாங்கல் நாகப்பன்னு போட்டிருக்கற வேற பேரையெல்லாம் பொறுக்கி எடுத்துருச்சு. அடுத்த ஆறு வருஷத்துல பதினேழு பேர். சுத்துப்பட்டுக் கிராமம் பூரா. வம்ச மரம்னு ஒண்ணு கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வெச்சிருக்காங்க, அதுல நாகப்பன் பேருக்குக் கீழ அந்தப் பதினேழு பேரையும் எழுதி வெச்சுருச்சு. பிள்ளைங்க பேரை எழுத வேண்டிய இடத்துல. உலகமே பார்க்குது. எங்க வீட்டுல நாகப்பனைப் பத்திப் பேச்சே வேற டீச்சர். பஞ்சத்துல பத்துப் பதினஞ்சு குடும்பத்துக்குச் சோத்துக்கு வழி காட்டின மகராசன்னுதான் சொல்லுவாங்க. என் கைராசிகூட அவர்கிட்ட இருந்து வந்ததுதான்னு எங்கம்மா சொல்லும்.

ஏன் நிறுத்திட்டீங்க? கை வலிக்குதா? தண்ணி குடிங்க. நான் கத்தறேன்னு நெனைக்காதீங்க, என் குரலே இப்படித்தான்.

இப்ப அந்த ஒரு ஆள் விஷயம். இதைச் சொல்லாம லெட்டர் நிக்காது.

கீழ எட்டிப் பாருங்க. பழக்கடைக்குப் பக்கத்துல, கரண்ட் கம்பத்தாண்ட, காவிக் கலர் புடவை. நிக்குதா? நிக்கும். இங்கயும் வந்துடுச்சு பாருங்க. கோமளான்னு பேரு. எங்க தெருவுக்குப் பின் தெரு. என்னை அண்ணான்னுதான் கூப்பிடும். பதினாலு மாசமா தெனம் காலையில என் வீட்டு கேட்டுக்கு எதிர்ல வந்து நிக்குது. கத்தாது. திட்டாது. ஒரு பிளாஸ்டிக் கவர்ல பையன் பாஸ்போர்ட் ஜெராக்ஸை வெச்சுக்கிட்டு நிக்கும். நான் வண்டியை எடுத்தா, கண்ணாடிகிட்ட குனிஞ்சு ஒரே வார்த்தை, "கூட்டிட்டுப் போனவங்கதான் அண்ணா கொண்டாந்து விடணும்." தெனம் அதே. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.

பையன் பேரு திவாகர். அங்கே சுவத்துல மாட்டியிருக்கீங்களே பேட்ச் போட்டோ, ரெண்டாவது வரிசையில... ஆமா, புருவத்துல வெட்டு இருக்கே, அவனேதான். இங்கயா படிச்சான்? டைப் ஹையர் பாஸா? அதான். டைப் நல்லா அடிக்கற பசங்களா வேணும்னுதான் மேல இருக்கற ஏஜெண்ட் கேட்டான். தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலை, ஏசி ரூம். நல்ல பையன், பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. நானே ஏர்போர்ட் வரைக்கும் கார்ல கூட்டிட்டுப் போனேன். உள்ள அனுப்பறதுக்கு முன்னால டீ வாங்கிக் கொடுத்தேன். போன வருஷம் ஆடி பிறக்கறதுக்கு முந்தின வாரம். அங்கே போனதும் எவனோ ஆத்தைத் தாண்டி வேற நாட்டுக்குக் கொண்டு போயிட்டான். காம்பவுண்டு சுவரு, மேல முள்ளுக் கம்பி. ஊர்ல இருக்கறவங்களுக்கு மெசேஜ் அனுப்பி ஏமாத்திப் பணம் பிடுங்கற வேலையாம். மேல இருந்த ஏஜெண்ட் நம்பர் மறு மாசமே இல்லாமப் போச்சு. நான் என்ன பண்ண? நான் நடுவுல இருக்கறவன். வித்த மாடு கன்னு போடலன்னா தரகனைக் கேப்பாங்களா?

பையன்கிட்ட இருந்து கடைசியா ஒரு வாய்ஸ் வந்துச்சு அவங்கம்மாவுக்கு. எனக்கே போட்டுக் காட்டுச்சு. "அம்மா, இது சொன்ன வேலை இல்ல. சாரங்கன் மாமாவுக்கும் தெரிஞ்சிருக்காது. அவர்கிட்ட சொல்லு, வந்து கூட்டிட்டுப் போவாரு." கேட்டீங்களா? மாமாவுக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு அவன் வாயாலயே சொல்றான். இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்? ஆனா கோமளாவுக்கு இதெல்லாம் ஏறல.

என்னம்மா இப்படி மூஞ்சியைத் திருப்பறீங்க? ஃபேன் காத்தா? சரி சரி.

ஒரு நாள் பொறுக்காம கத்திட்டேன். நூத்தி இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால போன ஆளையே கண்டுபிடிச்சிருக்கோம், உம்புள்ளை போயி வருஷம்கூட முழுசா ரெண்டு ஆகல, எங்கே போயிடுவான்னு. சமாதானமாத்தான் சொன்னேன். "யார் அண்ணா கண்டுபிடிச்சாங்க"ன்னு கேட்டுச்சு. பெருமையில சொல்லித் தொலைச்சேன். டர்பன்ல ஒரு அக்கா இருக்காங்க, எந்த ஆளையும் விட மாட்டாங்கன்னு. குரூப் பேரைக்கூடச் சொன்னேன்.

அடுத்த மாசம் அந்தம்மா குரூப்புல ஒரு லெட்டரைப் போட்டுச்சு. கோமளா அவங்களுக்கு அனுப்பினது. இங்கிலீஷ்ல, சுத்தமா டைப் அடிச்சு. கையெழுத்துகூடப் போடத் தெரியாத பொம்பளை. பேர் திவாகர். தகப்பன் பேர், ஊர், தாலுகா, வயசு, உயரம், அடையாளம் வலது புருவத்தை வெட்டிப் போகும் தழும்பு. கப்பல் லிஸ்ட் எப்படியோ அப்படியே. எவனோ விஷயம் தெரிஞ்சவன் உட்கார்ந்து பொறுமையாச் செஞ்சு கொடுத்திருக்கான். எவன்னு தெரிஞ்சா கையை உடைப்பேன். இதோ பாருங்க, போன்ல இருக்கு. மட்டமான பிரிண்டு வேற, இடது ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. தெரியுதா?

கண்ணாடியைப் போட்டுப் பாருங்க. சரி, விடுங்க.

முந்நூறு பேரும் பாட்டன், முப்பாட்டனை விட்டுட்டு இப்ப திவாகரைத் தேடறாங்க. அங்கே பக்கத்து நாட்டுல இருந்த ஒருத்தர் எந்தக் காம்பவுண்டுன்னு கண்டுபிடிச்சுட்டார். இன்னொருத்தர் எந்த பிளைட், எந்தத் தேதின்னு எடுத்துட்டார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வரியா நிரப்பறாங்க. காலியா இருக்கறது ஒரே ஒரு கட்டம். கூட்டிட்டு வந்தவர் யார். அந்தம்மா அதுல எதுவும் எழுதாம, எனக்கு மட்டும் தனியா ஒரு மெசேஜ் போட்டுச்சு. தம்பி, இந்தக் கட்டத்தை நீயே நிரப்பு. விரலை அமுக்கிட்டு மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கற மாதிரி. எனக்குத் தரகு சொல்லிக் கொடுத்தவன்கூட என்னை இப்படிப் பிடிச்சதில்ல.

நான் கோமளாவுக்கு நல்லதுதான் நெனைச்சேன், நீங்களே சொல்லுங்க. மனசு ஆறட்டும்னு, காரியத்தைப் பண்ணிடும்மா, வைக்கோல் ஆள் கட்டி முறையாப் பண்ணிடலாம், எல்லா ஏற்பாடும் நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன். எந்த ஏஜெண்ட் சொல்லுவான் இப்படி? "உயிரோட இருக்கறவனுக்கா அண்ணா"ன்னுச்சு. நான் விடுவனா, ரெண்டு கட்டு வைக்கோலை வாங்கி அதும் வீட்டு வாசல்ல இறக்கச் சொன்னேன். மறுநாள் காலையில கேட்டைத் திறக்கறேன். என் வாசல்ல வைக்கோல் ஆள் உட்கார்ந்திருக்கு. கை, கால், தலை எல்லாம் கட்டி, கம்பத்துல சாய்ச்சு, தோள்ல பச்சைத் துண்டு. இதே பச்சை. எதிர் வீட்டு மாடு வந்து ஒரு காலைப் பாதி தின்னுட்டு நிக்குது.

எவனோ வேலை வெட்டி இல்லாதவன் விளையாட்டு. எரிச்சிடலாம்னு நெருப்புப் பெட்டி எடுத்தேன். என் வீட்டுக்காரி ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. உங்க துண்டு போட்டிருக்கறதை நீங்களே எரிக்காதீங்கன்னு அழறா. இப்ப மாட்டுக் கொட்டாயில கிடக்கு. எரிக்கவும் முடியல, அவிழ்க்கவும் முடியல. எங்க மாடு அதைத் தொட மாட்டேங்குது.

தை பதினாலாம் தேதி பச்சையம்மன் கோயில் கும்பாபிஷேகம். பத்திரிகை அடிச்சாச்சு. அன்னிக்குப் படையலைச் சாமி எடுக்கலன்னா தர்மகர்த்தா பதவி, ஊர்ல என் பேச்சு, எல்லாம் அதோட சரி. நடேசன் என்னை நேருக்கு நேர் பார்க்கறதே இல்ல இப்ப. ரேகை இருக்கற பக்கம் எனக்கு வேணும். அந்தம்மா தர மாட்டேங்குது. தானே கொண்டு வராங்களாம், பதினோரு பேரோட. சாமி முன்னால, நாப்பது குடும்பமும் இருக்கும்போது, வரதன் வாக்குமூலத்தை முழுசா படிப்பாங்களாம். பொரி வாங்கப் போனார்ங்கற வரைக்கும். படிச்சு முடிச்சதும் இன்னொரு பிள்ளையோட பேரையும் படிப்பாங்களாம். கோமளாவைப் பக்கத்துல நிறுத்திக்குவாங்களாம். நேத்து ரெண்டு பேர் கார்ல வந்து, ஏஜெண்ட் வீடு எதுன்னு டீக்கடையில விசாரிச்சிருக்காங்க. யாருன்னு கேட்டதுக்குச் சிரிச்சாங்களாம்.

அதனால எழுதுங்க. ஒண்ணு, வம்ச மரத்துல நாகப்பனுக்குக் கீழ இருக்கற பதினேழு பேரையும் எடுக்கணும். செத்துப்போன மனுஷன் வந்து பதில் சொல்ல முடியாது. அப்புறம் திவாகர் விஷயத்துல தலையிடக் கூடாது, அது எங்க ஊர் விஷயம், கட்டம் காலியாவே இருக்கட்டும். ரேகைப் பக்கத்தைக் கூரியர்ல உடனே அனுப்பணும். வரணும்னா வரட்டும், விருந்தாளியா வந்து உட்காரட்டும், வாய் திறக்கக் கூடாது.

அடிச்சாச்சா? ஒரு பிரிண்டு எடுங்க, பார்க்கறேன்.

நல்லா வந்திருக்கு. என்ன டீச்சர், உங்க மிஷின்லயும் கோடு விழுது. இதே ஓரத்துல, இதே மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும். இந்த ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரி மிஷினைத்தான் வாங்குவீங்க போல. பரவால்ல, அந்தம்மாவுக்குக் கோடு தெரிஞ்சா தெரியட்டும்.

மறுபடி போன். அதே நம்பர். அடிக்கட்டும். என்ன? எடுங்கன்னு சொல்றீங்களா? நீங்க வேற. எடுத்து என்ன பேச?

முடிக்கறது மட்டும் சரியில்ல. இது கெஞ்சற மாதிரி இருக்கு. கடைசி வரி கேட்டா அந்தம்மாவுக்குத் தூக்கம் போகணும். எனக்கு இப்ப ஒரு வார்த்தை தோணுது. கோமளா தெனம் சொல்லுதே, அது. பதினாலு மாசமா கேட்டுக் கேட்டுப் பார்த்ததுல சொல்றேன், அதுக்கு எதிர்ப் பேச்சு கிடையாது டீச்சர். நான் எவ்வளவோ யோசிச்சுட்டேன், கிடையாது. அதையே போடுங்க. எழுதுங்க.

எங்க வீட்டுப் பிள்ளை உங்க கையில இருக்கான். நாங்க வாசல்ல நிக்கறோம். யார் சொல்லிப் போனான், யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுங்கற கதையெல்லாம் எங்களுக்கு வேண்டாம். அவன் பசியோட நிக்கறான். கூட்டிட்டுப் போனவங்கதான் கொண்டாந்து விடணும். விடுங்க.

அவ்வளவுதான். கீழ என் பேரைப் போடுங்க. எங்கே கையெழுத்து போடணும்?